தலையசைக்காத ஜனாதிபதி

நம் ஒஸ்லோ ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் இந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வு பெற்றுப் போகும்போது உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். தட்டை எந்தப் பக்கத்தால் வைப்பது, கரண்டியை எங்கே வைப்பது என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு வருவது கதைதான். பள்ளிக்கூடத்தில் பெரிதாகப் படிக்காதவன் நான். ஆட்கள் வாயிலிருந்து விழுகிற நல்ல சொல்லைப் பிடித்துவைத்து, அதைக் கொண்டே இந்த வேலையையும் நோர்வே பாஷையையும் கற்றுக்கொண்டேன். தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்கள் அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடையில் அவர் சிரித்தால் ஏன் என்று கேளுங்கள்.

நம் மண்டபத்தில் என்னோடு தட்டுத் தூக்கிய ஒருவர் இன்று ஆபிரிக்க நாடு ஒன்றின் ஜனாதிபதி. இதைச் சொன்னால் எல்லாரும், "அப்பிடியே அண்ணை! உங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்" என்பார்கள். பெருமை இல்லை. பொறாமை. கடைந்தெடுத்த பொறாமை. நாட்டின் பெயரை எழுதமாட்டேன். அவருக்குப் போதிய விளம்பரம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

அவருடைய பெயர் நீளம். ஆளும் நீளம். எங்கள் தமிழ்ப் பெடியள் அவருக்கு நெடுவல் என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள். ஒருநாள் அர்த்தம் கேட்டார், சொன்னோம். "எங்கடை நாட்டிலை உயர்ந்த ஆளுக்கு மரியாதை கூட" என்று அதையும் பட்டமாக எடுத்துக்கொண்டார். (அவரும் அவருடைய நாட்டுக்காரர்களும் என்னோடு கதைத்தது நோர்வே பாஷையில். எனக்கு அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.) எதைக் கொண்டு எறிந்தாலும் பிடித்துத் தலையில் சூடிக்கொள்ளுகிற மனிதர்.

பகலில் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார், மிச்ச நேரம் எங்களோடு ஓடினார். மண்டபப் பொறுப்பாளர் இடம் காலியானபோது அவரும் கேட்டார், நானும் கேட்டேன். எனக்குத்தான் கிடைத்தது. அன்று ஒஸ்லோப் புறநகர் ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கேக்கோடு போனேன். அவரை நான் வென்றது அந்த ஒருமுறைதான் என்பதால், கேக்கைக்கூட உங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

தலையசைப்பைப் பற்றி உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பெரிய விருந்துகளில் பரிமாறுகிறவர்கள் இரண்டு கையிலும் சூடான தட்டோடு வந்து விருந்தினர்களுக்குப் பின்னால் நிற்பார்கள். யாரும் உடனே வைக்கக்கூடாது. தூணடியில் நிற்கிற பொறுப்பாளர், எல்லாரும் நிலைக்கு வந்துவிட்டார்களா என்று பார்த்துத் தலையை ஒருமுறை அசைப்பார். மண்டபம் முழுவதும் எல்லாத் தட்டும் ஒன்றாக இறங்கும். பார்க்க வடிவு. ஆனால் அந்தத் தலை அசையும்வரைக்கும் சூடு முழுவதும் பரிமாறுகிறவர் கையில்தான்.

நான் பொறுப்பாளரான முதற் குளிர்காலம். ஒரு கம்பனியின் நத்தார், அதாவது கிறிஸ்மஸ் விருந்து. மன்னாரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த ஜெசிந்தா, இரண்டு கையிலும் தட்டோடு பெரிய மேசைக்குப் பின்னால் வந்து நின்றாள். குடித்துச் சிவந்திருந்த விருந்தினர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். வாய் துடைத்த நாப்கினை எடுத்து, ஆணியில் சட்டை கொழுவுவதுபோல அவளுடைய தோளில் போட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அதை எடுத்தெறியக் கை இல்லை. இரண்டு கையிலும் தட்டு. நெருப்பாய்ச் சுடும் தட்டு.

எல்லாரும் நிலைக்கு வந்துவிட்டார்கள். நான் தலையசைக்கவில்லை.

மண்டபம் முதலில் கவனிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு மேசையாகப் பேச்சு நின்றது. ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்று எல்லாரும் திரும்பித் தூணடியைப் பார்த்தார்கள். நான் அந்த நாப்கினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சூடு தாங்காமல் ஜெசிந்தாவின் ஒரு தட்டு சரியத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற நெடுவல் சத்தமில்லாமல் அவளுடைய ஒரு தட்டைத் தன் முன்கையில் ஏற்றிக்கொண்டார். இப்போது அவரிடம் மூன்று. கம்பனித் தலைவர் எழுந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் கண்ணால் நாப்கினைக் காட்டினேன். அவருக்கு விளங்கியது. அந்த மனிதரின் காதில் ஏதோ சொன்னார். மனிதர் எழுந்து, நாப்கினை எடுத்து, ஜெசிந்தாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்.

பிறகு தலையசைத்தேன்.

ஹோட்டல் முகாமையாளர் மறுநாள் கூப்பிட்டு என்னைக் காய்ச்சி எடுத்தார். வேலை போகும் என்றே நினைத்தேன், போகவில்லை. மிஞ்சியது கதைதான். இடைவேளை அறையில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொன்னேன். பழைய ஆட்களும், "அண்ணை, அந்த நாப்கின் கதையை ஒருக்கால் எடுத்துவிடுங்கோ" என்பார்கள். நெடுவல் மூலையில் இருந்து அவ்வளவு முறையும் கேட்டார். ஒருநாள் மட்டும் கேள்வி கேட்டார்.

"அவன் மன்னிப்புக் கேட்டிருக்காட்டி எவ்வளவு நேரம் நிண்டிருப்பாய்?"

"சோஸ் கட்டிபடும்வரைக்கும்" என்றேன்.

சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் விழிப்பாக இருந்திருக்கவேண்டும். கதை கேட்டுச் சிரிக்கிறவன் வேறு, கதையை உள்ளே வாங்கிக்கொண்டு சிரிக்கிறவன் வேறு.

படிப்பு முடிந்ததும் அவர் ஊருக்குப் போனார். கொஞ்சக் காலத்தில் துறைமுகப் பட்டினம் ஒன்றுக்கு மேயர் ஆகிவிட்டார் என்று, பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை செய்த அவருடைய நாட்டுக்காரர் யூசுப் சொன்னார். சரி, மேயர்தானே என்று இருந்தேன். பிறகு பாராளுமன்றத்துக்குப் போனார். அரசாங்கத்தைப் பகைத்துச் சிறைக்குப் போனார். அப்போது உண்மையாகவே கவலைப்பட்டேன். பொறாமை இல்லாமல் அவரை நினைத்த ஒரே காலம் அவர் சிறையில் இருந்த காலம். வெளியே வந்து அமைச்சரானார், பழைய பொறாமை எனக்குத் திரும்பி வந்தது. கடைசியில் ஜனாதிபதி.

என் மனைவி விடுவாரா? "அவர் நாட்டை ஆளுறார். நீங்கள் இன்னும் நாப்கின் மடிக்கிறியள்."

"அந்தப் பொறுப்பாளர் வேலை எனக்குக் கிடைச்சது, அவருக்குக் கிடைக்கேல்லை" என்றேன்.

"அதுதான் நானும் சொல்லுறன். அவருக்குக் கிடைச்சிருந்தா அவர் இஞ்சை நிண்டிருப்பார். நீங்கள் எங்கை நிண்டிருப்பியளோ?"

அடுத்த நாளும் நாப்கின் மடிக்கப் போனேன்.

ஒருநாள் யூசுப் தன் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். பெரிய மைதானம், கணக்கில்லாத சனம். எல்லாருடைய கையிலும் ஒவ்வொரு தட்டு. அலுமினியத் தட்டு, பிளாஸ்டிக் தட்டு, பூப்போட்ட பீங்கான். மேடையில் நெடுவல். அவர் ஏதோ சொல்ல, சனம் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தது. அவர் பேசாமல் நின்றார். சனமும் அசையாமல் நின்றது. பிறகு அவர் தலையை ஒருமுறை அசைத்தார். அவ்வளவு தட்டும் ஒன்றாக இறங்கியது. பெரிய ஆரவாரம்.

தொலைபேசியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டேன்: "என்னவாம் சொல்லுறார்?"

யூசுப் மொழிபெயர்த்தார்: "ஒஸ்லோவிலை விருந்து மண்டபத்துக்குப் பொறுப்பா இருந்தனான் எண்டுறார். ஒரு பணக்காரன் வேலைக்காரப் பெட்டையின்ரை தோளிலை நாப்கினைப் போட்டவனாம். அவன் மன்னிப்புக் கேக்கும்வரைக்கும் தான் தலையசைக்கேல்லையாம். உங்களுக்குத் தெரியாதே? கட்சியின்ரை சின்னமே தட்டுத்தானே. அங்கை அவருக்கு, 'தலையசைக்காதவன்' எண்டுதான் பேர்."

"எவ்வளவு நேரம் நிண்டவராம்?"

"சோஸ் கட்டிபடும்வரைக்கும் எண்டுறார். அந்த இடத்திலைதான் சனம் விழுந்து விழுந்து சிரிக்குது."

பிள்ளைகள், காணி களவு போகும், மாடு களவு போகும். என் பகிடி களவு போய் ஒரு நாட்டுக்கு ஜனாதிபதியை உண்டாக்கியிருந்தது. யாரிடம் போய் முறையிடுவது?

இரண்டாம் முறை தேர்தலுக்கு நிற்கிற நேரத்தில் அவர் ஒஸ்லோவுக்கு அரச விருந்தினராக வந்தார். நோர்வே அமைச்சர் ஒருவர் அளித்த மதிய விருந்து நம் மண்டபத்தில். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு. விருந்துக்கு முதல்நாள் ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். நெடுவலின் நாட்டவர், எதிர்க்கட்சிக்காரர், அங்கே இருக்க முடியாமல் இங்கே வந்தவர். கறுத்த கோட், மெல்லிய குரல், நல்ல பழக்கம். மனைவி தேநீரும் வடையும் கொடுத்தார். யூசுப்தான் அனுப்பினார் போலும்.

"அந்த மண்டபத்திலை அண்டைக்குப் பொறுப்பா இருந்தது நீங்களாம்."

"ஓம்."

"ஒரு நிமிசம் கமராவிலை அதைச் சொல்லுங்கோ. அவர் நிக்கிறதே அந்தக் கதையிலைதான். அது உடைஞ்சா இந்தத் தேர்தல் அவருக்கு இல்லை. எங்கடை சனத்துக்கு உண்மை தெரியவேணும்."

உண்மை என்ற சொல் பொறாமைக்கு அளவாகத் தைத்த சட்டை. போட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது. "நாளைக்கு விருந்து முடியட்டும். பின்னேரம் வாங்கோ, சொல்லுறன்" என்றேன். அவர் போன பிறகு மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு, "சொல்லத்தான் போறியளோ?" என்றார். "என்ரை கதை" என்றேன்.

மறுநாள். நெடுவல் பாதுகாப்பு ஆட்கள் சூழ உள்ளே வந்தார். உடம்பு வைத்திருந்தது, நரைத்திருந்தது, உயரம் மட்டும் குறையவில்லை. என் பக்கம் பார்க்கவில்லை. அவருடைய நாட்டுக் கமராக்காரர்கள் சுவர் ஓரமாக நின்றார்கள்.

அவருடைய உரை இனிப்பு பரிமாறும் நேரத்தில் என்றுதான் ஒழுங்கு. ஆனால் பிரதான சாப்பாட்டுத் தட்டுகளோடு பிள்ளைகள் நிலைக்கு வந்து, நான் தலையசைக்க இருந்த அந்தக் கணத்தில் அவர் எழுந்துவிட்டார். தெரியாமல் எழும்பவில்லை. கையில் தட்டு நிற்கும் நேரம் எது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த விருந்தினர் அந்த மண்டபத்தில் இல்லை. பிரதம விருந்தினர் பேசும்போது தட்டு வைக்கமுடியாது. நின்றோம்.

அவர் கதையைத் தொடங்கினார். கம்பனி விருந்து, சிவந்த மனிதர், தோளில் நாப்கின். "எல்லாரும் தட்டோடு நிண்டிச்சினம், இப்ப இவை நிக்கிற மாதிரி" என்று கையைக் காட்டினார். விருந்தினர்கள் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். "நான் அங்கை, அந்தத் தூணடியிலை நிண்டனான்" என்று சொல்லி, தூணைக் காட்டினார்.

தூணடியில் நான் நின்றேன்.

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. அவரும் பார்த்தார். காட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. இவ்வளவு காலத்தில் நான் ஓய்வு பெற்றுப் போயிருப்பேன் என்று நம்பியிருக்கிறார். ஆனாலும் அரசியல்வாதி அல்லவா, வசனத்தை முடித்தார்: "நான் தலையசைக்கேல்லை."

கைதட்டினார்கள். அடங்கியது. இப்போது எல்லாரும் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு ஒரேயொரு தலை அசையவேண்டும். என்னுடையது.

நான் அசைக்கவில்லை.

அந்த நேரம் எனக்கு இருந்த இனிமையை மறைக்கமாட்டேன். அவருடைய கமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீ தலையசைக்காதவன் என்றால் நான் யார், சொல்லு பார்ப்போம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். குசினிக் கதவு இடுக்கில் தலைமைச் சமையல்காரரின் மீசை துடித்தது. சோஸ் அவருடைய பிள்ளை.

நெடுவலுக்குப் பின்னால் தட்டோடு நின்றது அபிஷா, ரொம்மனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்காது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முழங்கை இறங்கத் தொடங்கியது. யார் அவளுடைய தோளில் நாப்கின் போட்டார்கள்? யாரும் இல்லை. அவளுடைய கை வெந்துகொண்டிருந்தது என் வழக்குக்காக.

நான் அதை நினைத்து முடிப்பதற்குள் நெடுவல் செய்ததைக் கேளுங்கள். கிளாஸை மேசையில் வைத்தார். திரும்பினார். அபிஷாவின் ஒரு கையிலிருந்த தட்டை வாங்கி, பரிமாறுகிறவன் பிடிக்கிற முறையில் பிடித்துக்கொண்டு, அமைச்சரின் நாற்காலிக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றார். நின்று என்னைப் பார்த்தார். பரிமாறுகிறவன் பொறுப்பாளரைப் பார்க்கிற பார்வை. அதில் ஜனாதிபதி இல்லை. உன் கதைதான், தெரியும், இனி நீ சொல்லு என்கிற பார்வை.

தலையசைத்தேன்.

எல்லாத் தட்டும் ஒன்றாக இறங்கியது. அவர் தன் தட்டை அமைச்சருக்கு முன்னால் சரியான பக்கத்தால் வைத்தார். பெருவிரல் விளிம்பில் படவில்லை. பட்டிருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எளிமையான தலைவர், எப்படி இறங்கிவந்தார் பாருங்கள் என்று கண் கலங்கினார்கள். என்னிடம் அவர் சரணடைந்தது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அது அவருடைய வெற்றி. அந்த மனிதருக்குத் தோற்கவும் தெரியவில்லை.

வெளியே போகும்போது என் கையைப் பிடித்து, "நீ போயிருப்பாய் எண்டு நினைச்சன்" என்றார். "அடுத்த வருசம்" என்றேன். பாதுகாப்பு ஆட்கள் அவரை அள்ளிக்கொண்டு போனார்கள்.

குசினியில் அபிஷா குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு, "ஹெர்ரெகுட், என்ரை கடவுளே! அங்கிள், ஏன் அவ்வளவு நேரம் எடுத்தனீங்கள்? என்ரை கை பொரிஞ்சு போச்சு" என்றாள். தலையசைக்காமல் நிற்கவேண்டிய நாள் உங்களுக்கும் வரும், பிள்ளைகள். அப்போது விருந்தினரைப் பார்க்காதீர்கள், தட்டுப் பிடித்து நிற்கிற கையைப் பாருங்கள். அந்தக் கைக்காக நிற்கிறீர்கள் என்றால் எவ்வளவு நேரமும் நில்லுங்கள். உங்களுக்காக என்றால் உடனே தலையை அசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பொருமுங்கள்.

நான் வீட்டுக்குப் போனேன். பொருமுவதற்கு ஆள் வந்து காத்திருந்தார். கறுத்த கோட்டுக்காரர் தொலைபேசியைக் கோப்பைகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, "நேரலையாப் போகுது, அங்கை சனம் பாத்துக்கொண்டிருக்கு, மொழிபெயர்ப்புத் தானாக் கீழை ஓடும், சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். அன்று பொறுப்பாக இருந்தது நான். தலையசைக்காதது நான். சோஸ் பகிடியும் என்னுடையது. அவர் பொறுப்பாளராக ஒருநாளும் இருந்ததில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கோட்டுக்காரரும் நிறுத்தத்தான் கையை நீட்டினார். ஆனால் என்னை உங்களுக்குத் தெரியும். கதை என்று தொடங்கிவிட்டால் அதன் நல்ல இடத்தைத் தாண்டிப் போக என் வாய்க்கு வராது. "அவர் அப்ப என்ன செய்தவர் தெரியுமோ?" என்று தொடர்ந்தேன். ஜெசிந்தாவின் தட்டு சரியப் பார்த்ததை, அவளுடைய தட்டையும் தன் முன்கையில் ஏற்றி மூன்று தட்டோடு அவர் நின்றதை, தோல் வெந்தும் இறக்காததைச் சொன்னேன். அன்று மதியம் அபிஷாவின் தட்டை வாங்கி வரிசையில் நின்றதையும் சொன்னேன். எழுந்து கையால் செய்தும் காட்டினேன்.

கோட்டுக்காரர் தொலைபேசியை அணைத்தார். "உங்களை இதைச் சொல்லச் சொல்லி ஆர் கேட்டது?" என்றார். வடையைத் தொடாமல் போய்விட்டார்.

முதலில் எதிர்க்கட்சி ஆடிப் பாடியது. பொய்யன் பிடிபட்டான் என்றார்கள். பிறகு நெடுவலின் அடுத்த கூட்டம் வந்தது. யூசுப்பும் நானும் பார்த்தோம். என் மனைவியும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நெடுவல் மூன்று தட்டோடு மேடைக்கு வந்தார். சனம் அடங்கியது.

"உண்மைதான், நான் தலையசைக்கிற ஆளா இருக்கேல்லை எண்டுறார்" என்றார் யூசுப். "தட்டுப் பிடிச்சவன்தான் நான், உங்களைப் போல எண்டுறார். பொறுப்பாளர் வேலையை என்ரை எண்டு சொன்னதுதான் பொய், அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன் எண்டுறார்."

சனம் கத்திய கத்தலில் தொலைபேசி அதிர்ந்தது. முந்தியதைவிடக் கூடுதலான வாக்கில் வென்றார். அவரை விழுத்த என்று நான் கொடுத்த உண்மையையும் பிடித்துத் தலையில் சூடிக்கொண்டுவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் என்னைப் பற்றியும் சொன்னார். தூணடியில் நின்றவன் ஒரு தமிழன், கட்டை ஆள், சரியான பிடிவாதக்காரன் என்று சொல்லி, நாப்கின் கதையை முதலிலிருந்து திரும்பச் சொன்னார். இந்த முறை ஆட்களை மாற்றவில்லை. எல்லாம் நடந்தபடி நடந்தது. "பாருங்கோ, உங்கடை கதை உங்களுக்கு வந்திட்டுது" என்றார் மனைவி. வந்துவிட்டதுதான். ஆனால் கதையில் அந்தச் சிவந்த மனிதர் மன்னிப்புக் கேட்ட பிறகு, என் தலை அசைவதற்கு முன்னால், நெடுவல் ஒரு கணம் பேசாமல் நிறுத்தினார். மைதானம் மூச்சு விடவில்லை.

இத்தனை வருடம் அந்தக் கதையைச் சொன்னேன். அந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.